ஊசி இறங்காத கைப்பிடி

என் அக்கா ஷாஜியாவுக்கு ஆட்களின் பெயர் மனதில் நிற்காது. குக்கர்தான் நிற்கும். கடைத்தெருவில் யாராவது சிரித்தால் இவளும் சிரிப்பாள். அவர்கள் தாண்டிப் போனதும் என் காதில் சொல்வாள்: "அஞ்சு லிட்டரு. அடி கருகுனது. வால்வு ரெண்டு வாட்டி மாத்தினேன்." ஒருமுறை எங்கள் அறிவியல் சார் எதிரே வந்தார். என் விடைத்தாளைப் படித்த பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தவர். அக்கா அவரைப் பார்த்து, "மூணு லிட்டரு, மூடி வளைஞ்சது" என்றாள். அவர் கற்றுத் தந்த எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அந்த மூடி மட்டும் இருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் எங்கள் அத்தா ஷேக் தாவூது வைத்திருப்பது குக்கர், கேஸ் அடுப்பு, அவற்றின் உதிரிச் சாமான் கடை. அக்காவுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. கல்யாணமாகிப் போய் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை மரியாதை என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். வந்த அடுத்த மாதம் அத்தாவின் டிவிஎஸ் எக்ஸெலைத் துடைத்து, பின்னால் ஒரு தகரப் பெட்டி கட்டி, ஊர் ஊராகக் குக்கர் ரிப்பேருக்குக் கிளம்பிவிட்டாள். சங்கராபுரம் பக்கம் ஒரு நாள், கல்வராயன் மலைக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டாள்.

அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "பொட்டப் புள்ள வண்டி ஓட்டிக்கினு மலைக்குப் போறதாடீ? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"அந்த நாலு பேரு வூட்டு குக்கரையும் நான்தாம்மா பாத்துக் குடுத்துக்கினு இருக்கேன். ஒண்ணும் பேச மாட்டாங்க."

துணைக்கு என்னை அனுப்பினார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அது என்னை ஏற்றுக்கொள்ளாததால் எனக்கு நேரம் நிறைய இருந்தது. வண்டியில் கட்டிய ஸ்பீக்கரில் ஓடுவது என் குரல்தான். குரல் உடைந்துகொண்டிருந்த வயதில் பதிவு செய்தது. "குக்கர் ரிப்பேர், குக்கர் கைப்பிடி, விசில், வாஷர் மாற்றித் தரப்படும்" என்பதில் "குக்கர் ரிப்பேர்" வரைக்கும் ஆண்பிள்ளை பேசுவான். அதற்குப் பிறகு ஆடு கத்தும்.

"நீயே பேசிடேன்க்கா" என்று ஒருநாள் சொன்னேன்.

"என் குரலு தகரண்டா" என்றாள். தொட்டிலில் குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவது போலத்தான் அவள் எப்போதும் பேசுவாள். கல்யாணமாகிப் போன வீட்டில், அவள் பேச்சு தெரு வரைக்கும் கேட்கிறது, தகரம் தட்டுவது போல இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அப்படிக் குறைத்து அனுப்பியிருக்கிறார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. ஆகவே அன்றிலிருந்து அவளைத் 'தகரம்' என்றே கூப்பிட்டு வந்தேன். தெரிந்திருந்தால் மூன்று நாளோடு நிறுத்தியிருப்பேன். நான் அந்த மாதிரி ஆள்.

குக்கர் கைப்பிடிக்கு வருகிறேன். நல்ல கைப்பிடி பேக்லைட்டில் செய்தது. கறுப்பாக, கொஞ்சம் கனமாக, தொட்டால் சில்லென்று இருக்கும். அச்சில் போட்டுச் சூடும் அழுத்தமும் கொடுக்கும்போது ஒரே ஒரு தடவை இறுகும். அதோடு சரி. பிறகு நீங்கள் எவ்வளவு காய்ச்சினாலும் இளகாது, வளையாது. உள்ளே கறி கொதித்துக்கொண்டிருக்கும்போதும் வெறுங்கையால் பிடித்துத் தூக்கலாம். நேரடியாகத் தீயில் போட்டால் ஆஸ்பத்திரித் தரை கழுவுகிற மருந்து போல நாற்றம் அடித்துக் கருகுமே தவிர, ஒரு சொட்டு உருகாது. கீழே போட்டால் மட்டும் பட்டென்று உடையும். உடைந்தது உடைந்ததுதான். பழைய குடம், வாளி எல்லாம் அள்ளிக்கொண்டு போகிற இரும்புக்கடைக்காரர் இதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், உருக்கி வேறு எதுவும் செய்ய முடியாது என்பதால். புத்தகத்தில் இதற்கு 'இறுகும் நெகிழி' என்று பெயர். பரீட்சையில் இதற்கு உதாரணம் கேட்டிருந்தார்கள். நான் 'எங்கள் அம்மா' என்று எழுதினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது அந்த இடத்தில்தான்.

இதே அச்சில், இதே கறுப்பில், சாதா பிளாஸ்டிக்கில் செய்த போலியும் வரும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அக்கா ஒரு சோதனை வைத்திருக்கிறாள். கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, திருகு மாட்டுகிற ஓட்டைக்குள், வெளியே தெரியாத இடத்தில் வைத்து அழுத்துவாள். பேக்லைட் என்றால் ஊசி அப்படியே நிற்கும். பிளாஸ்டிக் என்றால் வாழைப்பழத்தில் இறங்குவது போல இறங்கும். கடைக்கு வருகிற ஒவ்வொரு கைப்பிடிக்கும் ஊசி வைத்துவிட்டுத்தான் பெட்டியில் அடுக்குவாள். மலையில் இது ரொம்ப முக்கியம். கீழே கேஸ் அடுப்பில் போலிக் கைப்பிடி ஆறு மாதம்கூட ஏமாற்றிக்கொண்டிருக்கும். மலையில் குக்கரை விறகு அடுப்பில் ஏற்றுகிறார்கள். தீ பக்கவாட்டில் எழும்பிக் கைப்பிடியை நக்கும்.

போன வருஷம் அந்த மலையில் நான் ஒரு காரியம் செய்தேன். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அக்கா தண்ணீர் குடிக்க ஒரு வீட்டுக்குள் போயிருந்தாள். நான் மைக்கைக் கையில் எடுத்து, "பழைய குக்கர் கொண்டு வந்தால் புதிய குக்கர்! இன்று ஒருநாள் மட்டும்!" என்று அறிவித்துவிட்டேன். இரண்டு மூன்று பேர் வருவார்கள், சிரிக்கலாம் என்பது திட்டம். ஊரே வந்தது. பச்சையம்மாள் அக்கா பள்ளத்து வீட்டிலிருந்து மூன்று குக்கரை ஒன்றின்மேல் ஒன்றாகத் தலையில் வைத்துக்கொண்டு, செங்குத்தான பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்தார். ஷாஜியா ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். பாதிப் பேருக்குக் காதில் விழவே இல்லை, அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

பச்சையம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: "டேய், இனிமேட்டு உன் கொரலு கேட்டா நான் காதுல பஞ்ச வெச்சிக்குவேன்டா."

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் கைப்பிடி தீர்ந்துபோய், மறுநாள் மலைக்குப் போக வேண்டியிருந்தது. "விழுப்புரத்துக் கடையில பத்து வாங்கிக்கினு வா" என்று அக்கா என்னை பஸ் ஏற்றிவிட்டாள். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாற வேண்டும். அங்கே ஒரு கடையில் பரோட்டா அடிப்பவரை வேடிக்கை பார்த்தேன். பிறகு பரோட்டாவையும் பார்த்தேன். பிறகு விழுப்புரம் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸுக்கு நிற்க சோம்பல். அப்போது பக்கத்தில் ஒருவர் கோணிப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோணிப்பையில் கறுப்புக் கைப்பிடிகள்.

"பேக்லைட்டுங்களா?"

"பின்ன இன்னா தம்பி, பனைவெல்லமா?"

நியாயமான பதிலாகத்தான் பட்டது. பத்து வாங்கிக்கொண்டு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா ஒரு அடுப்புக்கு பர்னர் மாட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்: "ஊசி வெச்சிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எல்லாத்துக்குமா?"

"பத்துக்கும் பாத்தேன்க்கா. நிக்குது."

அவள் நிமிர்ந்து என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "பரவால்லடா" என்றாள். கைப்பிடிகளை அப்படியே பெட்டியில் அடுக்கினாள். அதுவரைக்கும் அவள் என்னிடம் 'பரவால்ல' என்று சொன்னதே இல்லை. ஊசியையே பார்க்காத நான் அன்று ராஜா மாதிரி தூங்கினேன்.

திங்கட்கிழமை மலையில் எட்டுக் கைப்பிடி மாட்டினாள். வெள்ளிமலை வரைக்கும் வழியில் நாலு வீடு. அந்தச் சின்ன ஊரில் நாலு வீடு. கடைசி வீடு பச்சையம்மாளுடையது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் வாழ்க்கையில் எல்லாத் தொல்லையும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கும். மீதமிருந்த இரண்டு கைப்பிடியில் ஒன்றை எடுத்து, போனை அம்மாவின் மசாலா டப்பாவில் சாய்த்து வைத்து, வீடியோ எடுத்தேன். "வணக்கம் நண்பர்களே! தீயில காட்டினாலும் உருகாத கைப்பிடி, எங்க கடையில மட்டும்!" என்று அடுப்பில் காட்டினேன். நாலு எண்ணுவதற்குள் அது தலையைத் தொங்கப் போட்டது. அப்புறம் சொட்டியது. ஆஸ்பத்திரி நாற்றம் இல்லை. மெழுகுவர்த்தி அணைத்த நாற்றம். வீடியோவில் நான் இன்னும் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். முகத்துக்குச் செய்தி போய்ச் சேர நேரமாகியிருக்கிறது.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று கொஞ்ச நேரம் நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு எட்டு அடுப்பு ஞாபகம் வந்தது. குக்கரைத் தூக்கும்போது கைப்பிடி திருகோடு பிய்த்துக்கொண்டால் கொதிப்பது எங்கே கொட்டும் என்று தெரிந்துகொள்ள பத்தாம் வகுப்புத் தேற வேண்டியதில்லை.

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் மிச்சமிருந்த இன்னொரு கைப்பிடியை எடுத்தாள். ஊசியைக் காய்ச்சி வைத்தாள். கடைசி வரைக்கும் இறங்கியது. இழுத்தபோது நூல் மாதிரி வந்தது.

"நீ வெச்சிப் பாத்தன்னு சொன்னதாலதான்டா நான் வெக்கல."

அவ்வளவுதான். ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கூப்பிட்டுச் சொல்ல அவளிடம் யாருடைய நம்பரும் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் டவர் கிடையாது. மாற்றி மாட்ட நல்ல கைப்பிடியும் இல்லை. அக்கா கடைக்குள் போய், அலமாரியில் விற்பனைக்கு இருந்த புதுக் குக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கி, எட்டுக் கைப்பிடியைக் கழற்றினாள். ஒவ்வொன்றுக்கும் ஊசி வைத்தாள். அத்தா பார்த்துக்கொண்டே நின்றார். கடையில் எட்டுக் குக்கர் கையில்லாமல் உட்கார்ந்திருந்தது.

"யாருக்காச்சும் கை வெந்தா?" என்றார் அத்தா.

"அதுக்கு முன்னாடி போயிடுவேன்த்தா."

புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். கச்சிராயப்பாளையம், கோமுகி அணை, அதற்கு மேல் மலை. வளைவுகளில் எக்ஸெல் இரண்டு பேரை இழுக்காது. ஏற்றம் வரும்போதெல்லாம் நான் இறங்கிப் பின்னாலேயே ஓடினேன். அவள் நிறுத்தி ஏற்றிக்கொள்வாள், அடுத்த ஏற்றத்தில் மறுபடி இறக்கிவிடுவாள். அவள் என்னைத் தண்டிக்கவில்லை. வண்டி தண்டித்தது.

முதல் வீட்டில் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. கழற்றி மாட்டினோம். இரண்டாவது வீடு பிச்சைமுத்து என்பவருடையது. அவர் வீட்டுக் கைப்பிடி நாய் வால் மாதிரி மேலே வளைந்திருந்தது. அவர் அதற்கு ஒரு மூங்கில் குச்சியை முட்டுக் கொடுத்துக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்.

"நாங்கதான் தீய ஜாஸ்தியா வெச்சிட்டோம் போலம்மா. நீ நல்லாத்தான் மாட்டிக் குடுத்த. திட்டாத" என்று அவரே அக்காவைச் சமாதானப்படுத்தினார்.

அக்கா கயிற்றை அவிழ்த்தாள். "தப்பு உங்க மேல இல்லண்ணே" என்றாள். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது.

ஏழு போலிக் கைப்பிடி கைக்கு வரும்போது உச்சி வெயில். மீதி பச்சையம்மாள் வீடு ஒன்றுதான். அது ஊரை விட்டுத் தள்ளிப் பள்ளத்தில் இருக்கிறது. வண்டி மேட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து இருநூறு அடி செங்குத்தாக இறங்க வேண்டும். மேட்டிலிருந்து பார்த்தால் முற்றம் தெரியும். முற்றத்தில் மூன்று கல் அடுப்பு. அடுப்பின்மேல் ஏழு லிட்டர் குக்கர். சுற்றி விருந்தாளிகள். அடுப்பை ஒட்டி ஒரு குழந்தை மண்ணில் உட்கார்ந்து எதையோ தோண்டிக்கொண்டிருந்தது. விசில் வந்தது. பச்சையம்மாள் குனிந்து விறகை வெளியே இழுக்க ஆரம்பித்தார். அடுத்து குக்கரை இறக்குவார். நாங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் இறக்கிவிடுவார்.

நான் மைக்கைப் பிடுங்கினேன். "பச்சையம்மாக்கா! குக்கரத் தொடாதீங்க! கைப்பிடி டூப்ளிகேட்டு! கழட்டிக் குடுங்க, வேற மாட்டித் தரோம்!"

குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ஆடும் கூடவே வந்தது. பள்ளத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பச்சையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினார்:

"போன வாட்டி புது குக்கரு தரேன்ன! இப்ப கைப்பிடி தரியா? போடா போக்கிரி!"

விருந்தாளிகள் சிரித்தார்கள். பச்சையம்மாள் இரண்டு காதிலும் விரலை வைத்துக் காட்டிவிட்டு அடுப்பு பக்கம் திரும்பினார்.

"நெசமாத்தான்க்கா! அம்மா மேல சத்தியமா!" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லும்போதும் எனக்கு அதே குரல்தானே வருகிறது. வேறு ஒன்று வாங்கி வைத்திருக்கவில்லை.

மைக் என் கையில் இல்லை. அக்கா எடுத்திருந்தாள். அவளுக்கு ஸ்பீக்கர் தேவையே இருக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

"பச்சையம்மா! நான் ஷாஜியா பேசுறேன்! குக்கரத் தொடாத! கொழந்தைய தூக்கிக்கினு தள்ளி நில்லு!"

காக்கைகள் எழுந்து பறந்தன. பெயரை நான் கத்தியதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் கேட்டிருப்பேன், அப்போது நான் சின்னப் பையன். தகரம்தான். பித்தளையும் இரும்பும் கலந்த தகரம். பச்சையம்மாள் குக்கருக்கு நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நான் மாட்டுன ஹேண்டிலு சரியில்ல! சோதிக்காம மாட்டிட்டேன்! தப்பு என்னுது! நான் வர வரைக்கும் யாரும் தொடாதீங்க!"

பச்சையம்மாள் குழந்தையை அள்ளிக்கொண்டு நகர்ந்தார்.

தப்பு என்னுது என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். பெயரும் ஊரும் விலாசமும் உள்ள குற்றவாளி. 'இவன் பண்ணினது' என்று சொல்லியிருந்தால் அந்த ஊரே உடனே நம்பியிருக்கும்.

இறங்கி ஓடினோம். நான் ஓடவில்லை, பாதி தூரம் உருண்டேன். கைப்பிடி பார்க்க நேராகத்தான் இருந்தது. அக்கா ஈரக் கோணியை மடித்துக் குக்கரின் அடியில் இருபக்கமும் பிடித்து இறக்கினாள். பிறகு ஒரு குச்சியால் கைப்பிடியை லேசாகத் தட்டினாள். அது திருகுகளை அங்கேயே விட்டுவிட்டு, வெல்லப்பாகு மாதிரி இழுபட்டுக் கீழே விழுந்தது. குழந்தை தோண்டியிருந்த குழிக்கு ஒரு முழம் தள்ளி.

சிரித்த விருந்தாளிகள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

"இது யாரு வாங்கியாந்தது?" என்று பச்சையம்மாள் கேட்டார். கேட்டது அக்காவை. பார்த்தது என்னை.

"நான்தான்க்கா" என்றேன். "ஊசி வெக்காமலே வெச்சேன்னு சொன்னதும் நான்தான்."

"கேட்டியா, இப்ப சொல்றது நெசம். மூஞ்சியிலயே தெரியுது." விருந்தாளிகளிடம் என்னைக் காட்டினார். பிறகு அக்காவிடம், "ஏம்மா, இவ்ளோ கொரலு வெச்சிக்கினு இத்தினி நாளா இன்னாத்துக்கு அந்த ஆட்டக் கத்த வுட்ட?" என்றார்.

அக்கா நிமிரவில்லை. நல்ல கைப்பிடியை மாட்டித் திருகை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் சிரித்தாள், எனக்குத் தெரிந்தது. குக்கரில் இருந்த கறி ஹலால் இல்லை, எங்களுக்கு ஆகாது என்று பச்சையம்மாளுக்குத் தெரியும். சாமைச் சோறும் கீரையும் தனியாகப் போட்டார். எனக்குக் கரண்டி நிறைய, திட்டோடு சேர்த்து.

மறுநாள் கடையில் அக்கா என் போனை வாங்கிப் பழைய பதிவை அழித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, அவள் குரலிலேயே பதிவு செய்தாள். முதல் தடவை அடங்கி வந்தது. இரண்டாவது தடவையும். "அக்கா, கீழ கொழந்தை உக்காந்திருக்குன்னு நெனச்சிக்க" என்றேன். மூன்றாவது தடவை எதிர்க்கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். அதுதான் இப்போது ஓடுகிறது. கச்சிராயப்பாளையம் தாண்டும்போதே மலையில் குக்கரை எடுத்து வெளியே வைத்துவிடுகிறார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இதை யாரும் நம்புவதில்லை. சரிதான்.

'தகரம்' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லி நிறுத்தவில்லை.

வேலையில் எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. வருகிற கைப்பிடிகளுக்கு எல்லாம் இப்போது நான்தான் ஊசி வைக்கிறேன். கட்டைவிரலில் இரண்டு இடத்தில் சுட்ட தழும்பு உண்டு, ஊசி எந்தப் பக்கம் சூடு என்று அவசரத்தில் மறந்துபோனதால். அக்கா பர்னரைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்: "வெச்சியா?"

"வெச்சேன்க்கா."

"காட்டு."

எழுந்து போய் ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.